இரண்டாம் கோல்கீப்பர்

கோல்கீப்பர் கிளீட்டஸ் கடற்கரைப் பாறைகளுக்கிடையே அடிபட்டு இறந்துகிடந்ததற்குப் பதினோராம் நாள், கால்பந்து லீக்கின் இறுதி ஆட்டம் நடந்தது. அவன் இடத்தில் தம்பி சூசை நின்றான். ஆறு வருடங்களாக அதே அணியில் மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். கடைசி நிமிடத்தில் வந்த பெனால்டியை அவன் பாய்ந்து தடுத்தபோது, அரங்கமே எழுந்து "கிளீட்டஸ், கிளீட்டஸ்" என்று கத்தியது. சூசையின் பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

உடை மாற்றும் அறையில் இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். மகனுக்காக ஆட்டம் பார்க்க வந்திருந்த அம்மா பிலோமினாளும் அங்கே நின்றாள்.

"ஒங்க அண்ணனக் கொன்னவனுங்க காலையில மாட்டிக்கிட்டானுங்க. சூதாட்டக் கும்பல். தோத்துக் குடுக்க மாட்டேன்னு சொன்னதுக்காக அடிச்சிருக்கானுங்க. அவன் விடியக்காலம் அந்தப் பக்கம் தனியா ஓடுவான்னு அவனுங்ககிட்ட யாரு சொன்னது?"

சூசை கையுறைகளைக் கழற்றாமலே நின்றான். "நான்தான் சார். கைய மட்டும் ஒடிப்போம்னு சொன்னாங்க. கொல்லுவாங்கன்னு நான் நெனைக்கல."

பிலோமினாள் அவனிடம் வந்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ வியர்த்திருந்த அவன் நெற்றியை முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அவனுக்க கை ஒடிஞ்சா ஒனக்கு எத்தன ஆட்டம் கெடைக்கும்னு நெனச்ச, மக்கா?"

சூசை தலைகுனிந்துகொண்டான்.

"இது ஒண்ணுதாம்மா."