அத்தான்ஸியோன்

நர்ஸ் எழிலரசியின் காதில் பொருத்திய பொத்தானுக்குள் பிரெஞ்சுப் பேச்சுத் தேர்வு முப்பது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. வாய் தவறி ஒரு தமிழ்ச் சொல் விழுந்தாலும் அது கேட்டுவிடும்; கனடாவின் மான்ட்ரியல் வேலை போய்விடும். இன்று கடைசி நாள்.

பாளையங்கோட்டையில் புதிதாகக் கட்டிய அவள் வீட்டு மொட்டைமாடிக்கு இன்னும் கைப்பிடிச்சுவர் எழும்பவில்லை. அக்காவும் தங்கையும் ஈரப் போர்வையை ஆளுக்கொரு முனையில் பிடித்திருந்தார்கள்.

"ஊமைச்சி, நல்லா இழுத்துப் பிடிக்கா" என்று, ஒரு மாதமாகத் தமிழ் பேசாத அக்காவைப் பார்த்துச் சிரித்தபடி தங்கை பூவிழி பின்னால் நகர்ந்தாள். குதிகாலுக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

"அத்தான்ஸியோன்!"

கவனம் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். தேடாமலே வந்து விழுந்தது.

"அத்தானா? அவிய அப்பவே டூட்டிக்குப் போயாச்சுல்லா" என்று பூவிழி படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கால் மட்டும் இன்னோர் அடி பின்னால் போனது.

போர்வை எழிலரசியின் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது.

காதுக்குள் இனிய குரல் பேசியது: "வாழ்த்துகள். உங்களுக்குப் பயத்திலும் பிரெஞ்சே வருகிறது. தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள். இனி நீங்கள் தமிழ் பேசலாம்."

எழிலரசி விளிம்புக்கு ஓடிக் கீழே பார்த்து அலறினாள்.

அப்போதும் தமிழ் வரவில்லை.