முதுகில் ஒட்டகச்சிவிங்கி

வீடில்லாத தாய்மார்களுக்கான பிள்ளை வளர்ப்பு வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு ஒட்டகச்சிவிங்கிப் படம் கொடுத்தார்கள். உடம்பு நெடுக எண்கள். “செவுத்துல ஒட்டி, மாசாமாசம் கொழந்தைய நிக்கவெச்சு உயரம் பாருங்க,” என்றார் டீச்சர்.

“எந்த செவுத்துல டீச்சர்?” என்று தேசம்மா கேட்டபோது அவர் அடுத்த வரிசைக்குப் போயிருந்தார்.

அவள் குடியிருக்கும் மேம்பாலத்தடியில் தூணில் எதை ஒட்டினாலும் மறுநாளே கிழித்துவிடுவார்கள். தேசம்மா படத்தைத் தன் முதுகில் ஊக்கு குத்தித் தரைவரை தொங்கவிட்டு, நடைபாதையில் நிமிர்ந்து நின்றாள். மூன்று வயது மோனிஷா அதில் சாய்ந்து நின்று உச்சந்தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

“எவ்ளோ வளந்துட்டேம்மா?”

தேசம்மா திரும்பினால் படமும் கூடவே திரும்பிவிடும். “இருடி, யாராச்சும் பாத்து சொல்லுவாங்க.”

பேருந்துக்கு ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். “அண்ணே, முதுகுல நம்பர் எவ்ளோன்னு பாத்து சொல்லுண்ணே. யக்கா, நீயாவது...” யாரும் நிற்கவில்லை. பின்னால் ஒரு காசு விழுந்து உருளும் சத்தம் மட்டும் கேட்டது. முதுகில் சாய்ந்திருந்த சின்ன உடம்பு அசைந்தது.

“குனியாத மோனிஷா,” என்றாள் தேசம்மா. “குனிஞ்சா அளவு போயிடும்.”