பட்டத்து யானை போட்ட மாலை

வாரிசு இல்லாத ராஜா ஒரு காலையில் படுக்கையிலேயே செத்துக் கிடந்தார். வழக்கப்படி பட்டத்து யானையின் துதிக்கையில் மாலையைக் கொடுத்து அனுப்பினார்கள். அது யார் கழுத்தில் போடுகிறதோ, அவர்தான் அடுத்த ராஜா.

ராஜா செத்ததை யானைக்கு யாரும் சொல்லவில்லை. தினமும் தன் கையால் கரும்பு ஊட்டும் அவரைத்தான் அது தேடிக்கொண்டு போனது. கூட்டத்தில் நின்ற சேனாபதியின் கையை மோந்ததும் அதற்கு உடம்பு சிலிர்த்தது. ராஜாவின் வாசனையேதான்! மாலையைப் போட்டுவிட்டது.

மறுநாள் சேனாபதி தலைமுழுகிவிட்டு முடிசூட வந்தார். யானை மறுபடி மோந்து பார்த்தது. வாசனையைக் காணோம்.

"எங்கே போச்சு?" என்று முதுகில் உட்கார்ந்திருந்த காக்கையைக் கேட்டது.

"ராஜாவோட கழுத்தை நெரிச்ச கை அது. நேத்து கழுவலை, இன்னிக்குக் கழுவிட்டார். ஜன்னல்ல உட்கார்ந்து நான் பார்த்தேனே. கத்தினேன், விரட்டிட்டாங்க."

"ஐயோ, நானே அவனுக்கு மாலை போட்டுட்டேனே!"

யானை துதிக்கையைத் தூக்கி, 'கொலைகாரன், கொலைகாரன்' என்று அடிவயிற்றிலிருந்து பிளிறியது.

"பட்டத்து யானையே வாழ்த்துது பாருங்க!" என்று ஊரே கைகூப்பியது.

புது ராஜாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அதே கையால் யானைக்கு ஒரு கரும்பை நீட்டினார்.