கடைசி முட்டி

"பந்தோட ஓடும்போது சட்டுன்னு திரும்பினேன் டாக்டர். முட்டிக்குள்ள 'டப்'புன்னு ஒரு சத்தம்."

"உடனே வீங்கிச்சா?"

"பூசணிக்காய் மாதிரி! படி இறங்கினா என் காலே என் காலை வாருது."

டாக்டரம்மா கட்டிலில் படுத்திருந்தவரின் இடது முட்டியைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"அடிபட்டது வலது!"

"நல்ல காலைப் பார்த்தாத்தான் கெட்ட காலோட லட்சணம் தெரியும்." வலதையும் இழுத்துப் பார்த்தார். "ஜவ்வு கிழிஞ்சிருக்கு."

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "மேடம், இன்னிக்கு ரிட்டயர் ஆகுற உங்களை வழியனுப்ப எல்லாரும் காத்திருக்காங்க. சார், அந்த முட்டிக்கு ஆபரேஷன் ஆனப்போ நான் பொறக்கவே இல்லையாமே!"

சுருட்டிய பேண்ட்டை நீவிவிட்டபடி அவர் சிரித்தார். "இவங்களோட முதல் பேஷன்ட் நான்தாம்மா. கடைசியும் நானா இருக்கணும்னு ஒரு ஆசை."

"அன்னிக்கும் இதே பூசணிக்காய்தான் சொன்னீங்க, ஒரு வார்த்தைகூட மாறல," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் டாக்டரம்மா. "அது இருக்கட்டும், வரும்போது வீட்டைப் பூட்டினீங்களா?"