கட்வேயில் அரபி வகுப்பு

அடுத்தது நசூனாவின் முறை.

அவள் எழுந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியும் பாவாடையோடு ஒட்டிக்கொண்டு கூடவே எழுந்தது.

"இஸ்மி..." என்றாள். என் பெயர். அதற்குமேல் தன் பெயரே வாயில் வரவில்லை.

பக்கத்திலிருந்த பெனினா சொன்னாள்: "அம்மா, அடையாள அட்டையை எடுத்துப் பாருங்க. அதுல எழுதியிருப்பாங்க."

பன்னிரண்டு பெண்கள் இருந்த அறை சிரித்தது. நசூனாவைத் தவிர யாருக்கும் முப்பதுகூட ஆகவில்லை. எல்லோரும் வீட்டுவேலைக்கு வளைகுடா போகிறவர்கள். ஏஜென்சி அனுப்பி வந்தவர்கள்.

நாற்பத்தாறு வயது நசூனாவை யாரும் அனுப்பவில்லை. காலையில் தானாகவே மாடியேறி வந்து பெயர் கொடுத்திருந்தாள்.

"இந்த வயசுல உங்களை எந்த ஏஜென்சியும் எடுக்க மாட்டான்மா" என்று டீச்சர் ஹதிஜா அப்போதே சொல்லிப் பார்த்தாள்.

"தெரியும். இருந்தாலும் கத்துக்கறேன்."

ஹதிஜா வளைகுடாவில் ஒரு வீட்டில் ஒன்பது வருஷம் சமைத்துவிட்டுத் திரும்பியவள். கீழே கட்வே தெருவின் வெல்டிங் கடைகளில் இரும்பை அறுக்கும் சத்தம் ஏறினால் பாடத்தை நிறுத்துவாள். இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து பிடிப்பாள்.

"அங்க மேடம் முழுசா பேசமாட்டாங்க. ஒரே ஒரு வார்த்தைதான். காதுல விழுந்ததும் கை செய்யணும். எங்க, சொல்லுங்க. தஆலி. வா."

நசூனா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அது இல்லை. மூச்சை விட்டாள்.

"ரூஹி. போ."

அதுவும் இல்லை.

"ஜீபி. கொண்டு வா."

இல்லை.

அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று நினைத்த பெனினா, மனம் இளகித் தன் நோட்டை நகர்த்தி வைத்தாள். "பாத்து எழுதிக்குங்கம்மா."

நசூனா எழுதவில்லை. வகுப்பு முடியக் கால் மணி நேரம்தான் பாக்கி. இன்றைக்குத் தப்பித்தோம் என்று தோன்றியது.

ஹதிஜா சாக்பீஸை வைத்துவிட்டு, மேஜையை விரல் முட்டியால் தட்டினாள்.

"இஃப்தஹி. கதவைத் திற. மேடம் வெளியில போயிட்டு வந்து தட்டுவாங்க. கேட்ட நிமிஷம் ஓடிப்போய்த் திறக்கணும். எல்லாரும் சொல்லுங்க."

"இஃப்தஹி!"

"இன்னும் சத்தமா. மேடம் கோவமா இருக்காங்க."

பெண்கள் சிரித்துக்கொண்டே மேஜைகளை அறைந்தார்கள். "இஃப்தஹி! இஃப்தஹி!"

நசூனா மேஜையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

இந்த வார்த்தையை அவள் இருநூறு தடவையாவது கேட்டிருப்பாள். போனில். ஒரு ஆணின் குரலில்.

ஒன்பது வாரத்துக்கு முன்னால், வீட்டுவேலைக்குப் போன மகள் பிரிஸ்கா வளைகுடாவிலிருந்து ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தாள். பதினெட்டு வினாடி. *அம்மா, நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். பின்னாடி கேக்குறது டிவி சத்தம். பயப்படாதீங்க.*

அவள் பேச்சுக்குப் பின்னணியில் தடதடவென்ற சத்தமும், திரும்பத் திரும்ப இந்த ஒரு வார்த்தையும்.

அன்றிலிருந்து பிரிஸ்காவின் எண்ணுக்கு அழைப்பே போகவில்லை. நம்பரை மாற்றியிருப்பாள் என்று ஏஜென்சியில் சொன்னார்கள்.

தெருமுனைப் பள்ளிவாசல் ஷேக்கிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் அர்த்தம் தெரிந்திருக்கும். அதற்குப் பயந்துதான் அவள் போகவில்லை. தானாகப் படித்தால் மெல்ல மெல்லத் தெரியும் என்று நினைத்தாள். தேநீர் கொண்டு வா என்றுகூட இருக்கலாம். தெரியும்வரை எதுவாகவும் இருக்கலாம்.

முதல் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது.

கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டுதான் பிள்ளை பேசியிருக்கிறாள்.

நசூனா கையைத் தூக்கினாள்.

ஹதிஜாவுக்குச் சந்தோஷம். "கேளுங்கம்மா."

"திறக்க மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"போச்சு, மேடமை வெளியிலயே நிக்க வெச்சிருவாங்க போல!" என்றாள் பெனினா. மறுபடியும் சிரிப்பு.

ஹதிஜா சிரிக்கவில்லை. நசூனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே அறுக்கும் சத்தம் ஏறி, இறங்கி, நின்றது. அவள் விட்ட இடத்திலிருந்து பிடிக்கவில்லை.

பிறகு திரும்பி, பலகையில் இருந்த எல்லா வார்த்தைகளையும் உள்ளங்கையாலேயே அழித்தாள். நடுவில், திறக்க மாட்டேன் என்பதற்கான அரபியை மட்டும் பெரிதாக எழுதினாள்.

"எழுதிக்குங்க" என்றாள். "எல்லாரும்."