எலுமிச்சையின் மறுபாதி

பிணவறைக் குழாயடியில் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. பிணம் கழுவுகிறவன் பாதி எலுமிச்சையைக் கல்லுப்பில் தோய்த்து, தன் கைகளில் நகக்கண், விரலிடுக்கு என்று ஓரிடம் விடாமல் தேய்க்கிறான். எந்தச் சோப்புக்கும் மசியாத நாற்றம் இதற்குத்தான் அடங்கும். வெடிப்புகளில் சாறு இறங்கித் தீயாய் எரிகிறது. மறுபாதி சட்டைப்பையில், காகிதச் சுருளில் இருக்கிறது. வீட்டு வாசலிலேயே காத்திருக்கும் மகளுக்கு அதைச் சாறு பிழிந்து கொடுப்பது தினசரி வழக்கம். "போதும்ணே, தோல் உரிஞ்சிடப் போகுது. வாசனையே இல்ல," என்கிறான் காவலாளி. இவன் தன் கையை முகர்ந்து பார்க்கிறான். எலுமிச்சை மட்டும்தான் மணக்கிறது. இன்று கழுவிய சிறுமிக்கும் மகள் வயதுதான். முன்பல் விழுந்த இடத்தில் புதுப்பல் பாதி முளைத்திருந்தது. "இன்னும் போகலப்பா," என்கிறான். காகிதத்தைப் பிரித்து, மறுபாதியையும் உப்பில் தோய்க்கிறான்.