இரைச்சல் நீக்கம்

நாற்பது வருடத்துக்கு முந்தைய மிருதங்க இசைத்தட்டு, ஒலி சுத்தம் செய்யப்பட்டு மறுபடி வெளிவர இருந்தது. அச்சுக்குப் போக ஒரு மணி நேரமே இருக்கையில், அட்டைப் படத்தில் இருக்கும் வித்வானின் தங்கை ஸ்டூடியோவுக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அந்த வளையல் சத்தத்தைத் திரும்பப் போடுங்க தம்பி."

"அதை எடுக்கத்தாம்மா மூணு வாரமா மண்டையை உடைச்சுக்கிட்டேன்" என்றார் சவுண்ட் இன்ஜினியர்.

"எடுத்த கையாலயே போடுங்க. அதுவரைக்கும் நான் எழுந்திருக்கப் போறதில்ல."

"பக்கத்துல உக்காந்து தாளம் போட்டீங்கன்னு அட்டையிலயே இருக்கு, சரி. அதுக்காக அண்ணன் வாசிப்பைக் கெடுக்கலாமா?"

"பழைய டேப்பை ஓடவிடுங்க. வளையல் எப்போ கேக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

ஓடவிட்டார். மிருதங்கத்தில் வலக்கை அடி விழும்போதெல்லாம் வளையல் குலுங்கியது. அந்தக் கை ஓய்ந்து இடக்கை மட்டும் வாசித்தபோது அதுவும் ஓய்ந்தது. இன்ஜினியர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாவின் வலக்கையில் மட்டும் நான்கு வளையல்கள் இருந்தன.

நீக்கியதையெல்லாம் திரும்பச் சேர்த்துவிட்டுத்தான் கேட்டார்.

"அப்போ உங்க அண்ணன்?"

"அவர்தான் தம்பி பக்கத்துல உக்காந்து தாளம் போட்டது."